ரோல் பார் வாங்கும் முன் ஒரு துடைப்பக்கட்டையைத் தேடுங்கள்

கூரை திறக்கும் இரண்டு சீட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் இந்த யோசனை வந்தே தீரும். நல்ல வெயில், கூரையை மடித்துப் போட்டு நெடுஞ்சாலையில் போகிறோம். பக்கத்தில் போகும் லாரியின் டயர் நம் காதுக்கு நேராக உருள்கிறது. இந்த வண்டி கவிழ்ந்தால் என் தலைக்கு மேலே என்ன இருக்கிறது? முன்கண்ணாடியின் சட்டம் இருக்கிறது. துணியும் இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. அதற்குத்தான் ரோல் பார்: வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்க சீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரும்புக் குழாய் வளைவு.

நான் இங்கிலாந்தில் ஓட்டுவது மஸ்டா எம்எக்ஸ்-5, 1995 மாடல். அமெரிக்காவில் இதற்கு மியாடா என்று பெயர், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். 1989இல் அறிமுகமான முதல் தலைமுறையும் 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையும் சீட்டுக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். அதனால் கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும். வேறு கார் வைத்திருந்தால் போல்ட் இடங்கள் மாறும், யோசிக்கும் வரிசை மாறாது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடையில் போய் "ரோல் பார்" என்று மட்டும் சொன்னால் சிலர் ஆன்ட்டி ரோல் பாரை எடுத்து நீட்டுவார்கள். அது சஸ்பென்ஷனில் இருக்கும் கம்பி. வளைவில் வண்டி சாய்வதைக் குறைப்பதோடு அதன் வேலை முடிந்தது. என் நண்பர் ஒருவர் இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று ஆர்டர் செய்து, பெட்டியைத் திறந்து பார்த்து அரை மணி நேரம் பேசவே இல்லை. இன்னொன்று ஸ்டைல் பார். சீட்டுக்குப் பின்னால் பளபளவென்று குரோம் பூசி நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். பல ஸ்டைல் பார்கள் மெல்லிய குழாய், நாலைந்து சிறிய போல்ட், தலையைவிடத் தாழ்ந்த உயரம். கவிழ்ந்தால் அதை நம்ப முடியாது. பிறகு ரோல் கேஜ். அது கதவுப் பக்கமும் முன்கண்ணாடி ஓரமும் குழாய் ஓடும் முழுக் கூண்டு. பந்தயக் காருக்குச் சரி. சாலையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும் காரில் தலைக்கு மேலும் பக்கத்திலும் இரும்புக் குழாய் ஓடினால் சின்ன மோதலிலேயே மண்டை உடையும்.

வாரநாளில் வேலைக்கும், மாதம் ஒருமுறை டிராக் டேவுக்கும் (பந்தய மைதானத்தில் சொந்தக் காரை ஓட்டும் நாள்) போகும் காருக்கு நடுவழி ரோல் பார்தான்: சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வளைவு, அதைப் பின்னாலிருந்து தாங்க இரண்டு சாய்வுக் குழாய்கள், வளைவுக்குள் ஒரு மூலைவிட்டக் குழாய். போல்ட் போட்டு மாட்டுவது, தேவைப்பட்டால் கழற்றுவது.

வண்டி எப்படிக் கவிழ்கிறது

தாரில் நேராக ஓடும் தாழ்ந்த கார் சும்மா உருளாது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: வளைவில் பிடி நழுவி, வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே தாரை விட்டு இறங்கும். டயரின் ஓரம் புல்லிலோ சரளையிலோ புதைந்து நின்றுவிடும், மேல்பாதி நிற்காது. பிராண்ட்ஸ் ஹாட்ச் மைதானத்தின் முதல் வளைவான பேடாக் ஹில்லைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இறக்கத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டும், வெளிப்பக்கம் சரளைப் படுகை காத்திருக்கும்.

ஆக, பாரின் மேல் எடை நேர் செங்குத்தாக மட்டும் வராது, பக்கவாட்டிலும் தள்ளும். வெறும் வளைவு மட்டும் இருந்தால் அந்தத் தள்ளலில் அது பக்கவாட்டில் சாய்சதுரமாக மடங்கப் பார்க்கும். மூலைவிட்டக் குழாய் இருப்பது அதைத் தடுக்கத்தான். "டயகனல் வேண்டாம், பின்கண்ணாடியில் பார்வை மறைக்கிறது" என்று சொல்பவர்கள் உண்டு. மறைக்கும்தான், இரண்டு வாரத்தில் கண் பழகிவிடும்.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை

பலரும் முதலில் குழாயின் தடிமனைக் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது உங்கள் உயரத்தை, அதுவும் உட்கார்ந்த உயரத்தை. எவ்வளவு பலமான பாராக இருந்தாலும் தலை அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் தரையில் முதலில் படுவது தலைதான்.

இதற்குத்தான் துடைப்பக்கட்டை. ஹெல்மெட் போட்டு, நீங்கள் எப்போதும் ஓட்டும் நிலையில் சீட்டை வைத்து, பெல்ட்டை இறுக்கி உட்காருங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் பாரின் உயரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த உயரத்தில் பின்னால் ஒருவர் கட்டையின் ஒரு முனையைப் பிடிக்கட்டும். மறுமுனையை முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் வையுங்கள். ஹெல்மெட்டின் உச்சி கட்டைக்குக் கீழே இருக்க வேண்டும். டிராக் டே நடத்துபவர்களில் பலர் ஏறக்குறைய இதே சோதனையைத்தான் செய்வார்கள். 5 செ.மீ. இடைவெளி வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு, ஆகவே நீங்கள் போகும் மைதானத்தின் விதியை முதலிலேயே படித்துவிடுங்கள். சட்டத்துக்குப் போகும் நேர்கோடு பார்க்க எளிது என்பதால்தான் இந்தச் சோதனை. கண்ணாடிச் சட்டம் நசுங்காது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

தலை இடிக்கிறதா? பாரை உயர்த்த முடியாது, துணிக்கூரை மூடாது. நீங்கள்தான் இறங்க வேண்டும். எம்எக்ஸ்-5 ஓட்டும் நெட்டையர்கள் காலங்காலமாகச் செய்வது, சீட்டின் உறையை அவிழ்த்து, உட்காரும் இடத்து ஃபோமை ரொட்டிக் கத்தியால் சீவி எடுப்பது. ஆறடிக்காரரான என் நண்பருக்கு அப்படித்தான் சமாளித்தோம். முதுகு வலிக்குமே என்றார். வலித்தது, அப்புறம் பழகிக்கொண்டார்.

அடுத்து, ஹெல்மெட் இல்லாமல் அளக்க வேண்டிய அளவு. பலர் விட்டுவிடுவது இதைத்தான். சாலையில் பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் சீட்டின் முதுகு பின்னோக்கி வளையும், தலையும் கூடவே போகும். பின்னால் பத்து செ.மீ.யில் இரும்புக் குழாய் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உட்கார்ந்தபடி தலையைப் பின்னாலும், பக்கவாட்டில் தலையணைக்கு வெளியேயும் சாய்த்துப் பாருங்கள். பார் வரப்போகும் இடத்தைத் தலை தொடுமானால், அந்த பார் உங்கள் உடம்புக்கு ஏற்றதல்ல. ரோல் பார் போட்டால் சீட்டைப் பின்னால் தள்ளும் தூரமும் சாய்க்கும் அளவும் குறையும், நீளக் கால்காரர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எந்தக் குழாய், எந்தப் பாதம்

உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏ, பந்தயக் கூண்டின் பிரதான வளைவுக்குச் சொல்லும் அளவு ஒரு நல்ல அளவுகோல்: தையல் (நீளவாட்டில் பற்றவைத்த இணைப்பு) இல்லாமல் குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாய், 45 மி.மீ. விட்டம் 2.5 மி.மீ. தடிமன், அல்லது 50 மி.மீ. விட்டம் 2 மி.மீ. தடிமன். அமெரிக்கத் தயாரிப்புகளில் டி.ஓ.எம். என்று போட்டிருப்பது தையல் போட்ட குழாயை மறுபடி அச்சுக்குள் இழுத்துச் சீராக்கியது, அதுவும் நல்லது. இ.ஆர்.டபிள்யூ. என்பது அப்படி இழுக்காத, வெறும் தையல் குழாய். மூன்றுக்கும் பெயின்ட் ஒன்றுதான், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வளைவை மட்டும் கண்ணால் பார்த்தே மதிப்பிடலாம். குழாயை வளைத்த இடத்தின் உட்பக்கம் சுருக்கம் விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். காலிப்பர் இருந்தால் வளைவில் இரண்டு திசையில் அளந்து பாருங்கள். சின்ன அளவைப் பெரிய அளவால் வகுத்தால் 0.9க்குக் கீழே போகக் கூடாது. போனால் குழாய் அங்கே சப்பையாகிவிட்டது என்று அர்த்தம்.

இனிப் பாதம், அதாவது குழாய் வண்டியின் தகரத்தில் அமரும் முனை. எனக்கு இதுதான் முக்கியம். எஃப்ஐஏ கூண்டுச் சோதனையில் பிரதான வளைவின் உச்சியில் வைக்கும் சுமை, வண்டியின் எடையோடு 150 கிலோவைக் கூட்டி ஏழரையால் பெருக்கியது. 1,000 கிலோ காருக்கு அது எட்டரை டன்னைத் தாண்டும். அந்தச் சுமை கடைசியில் போய் நிற்பது எங்கே? சீட்டுக்குப் பின்னால் உள்ள தகரத்தில். அதன் தடிமன் சுமார் ஒரு மி.மீ. ஈரமண்ணில் மாட்டுக்கு முளை அடிப்பது போலக் குழாய் அதைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும். சுமையைப் பரப்பத்தான் மேலே பாதத்தகடு, கீழே அடித்தகடு, நடுவில் தகரம். எஃப்ஐஏ விதியில் பிரதான வளைவின் ஒவ்வொரு பாதத்துக்கும் 3 மி.மீ. தடிமனில் 120 சதுர செ.மீ. தகடு, குறைந்தது மூன்று போல்ட். போல்ட் எம்8க்குக் குறையக் கூடாது, தரம் 8.8.

நான் முதலில் வாங்கியது செகண்ட்ஹேண்ட் பார். விற்றவர் "எல்லாம் இருக்கிறது" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அடித்தகடு ஒன்றுகூட இல்லை. ஐந்து ரூபாய் நாணயம் அளவில் வாஷர் போட்டு இவ்வளவு நாள் ஓட்டியிருக்கிறார். தகடுகளை வெட்டித் தருவதற்கு ஒரு லேத் பட்டறையில் கொடுத்த காசையும் கூட்டினால் புதியது வாங்கிய விலை வந்துவிட்டது.

இன்னொரு பொறி: மூலைவிட்டக் குழாயின் மேல்முனை ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் வர வேண்டும். அமெரிக்காவில் செய்த பார் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுபவர்களுக்காக அமைந்தது. இங்கிலாந்து, இலங்கை, ஆஸ்திரேலியாவில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். துணிக்கூரையின் பின்ஜன்னல் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், கண்ணாடி ஜன்னல் மடிந்து விழும்போது சில பார்களில் இடிக்கும்.

மாட்டும் வேலை

முதல் தடவை என்றால் சனி, ஞாயிறு இரண்டு நாளையும் ஒதுக்குங்கள். இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே ஸ்பேனரோடு, ஒருவர் கீழே நட்டோடு. கருவிகள்: டிரில், நல்ல பிட்கள், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவு பார்த்து இறுக்கும் ஸ்பேனர்), வேக்யூம் கிளீனர், துரு தடுக்கும் பிரைமர், சீலன்ட், ஜாக், இரண்டு ஸ்டாண்டுகள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

1. பேட்டரியைக் கழற்றுங்கள். இந்த மாடலில் அது டிக்கிக்குள் இருக்கிறது. சீட் ஒவ்வொன்றுக்கும் நான்கு போல்ட், கழற்றி வெளியே வையுங்கள். அடியில் ஒயர் கனெக்டர் இருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள்.

2. சீட்டுக்குப் பின்னாலுள்ள கார்பெட், பிளாஸ்டிக் மூடிகள், சீட் பெல்ட் மாட்டியிருக்கும் கோபுரங்களின் உறை எல்லாம் வெளியே வர வேண்டும். பிளாஸ்டிக் கிளிப்புகள் முப்பது வருடம் பழையவை, சில உடையும்; பத்து உதிரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துணிக்கூரையை முழுதாகக் கழற்றினால் வேலை சுலபம். ஆனால் அதன் பின்விளிம்பில் ஓடும் மழைநீர்த் தடம் காய்ந்த அப்பளம் மாதிரி இருக்கும், மடக்காமல் தூக்குங்கள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பெல்ட் கோபுரத்துக்குப் பின்னால் உள்ள நீர்வடிகாலையும் சுத்தம் செய்துவிடுங்கள். அது அடைத்தால் தண்ணீர் காருக்குள் வரும்.

3. பெயின்ட் மீது பழைய வேட்டியை விரித்து, இருவராகப் பாரை மேலிருந்து இறக்குங்கள். பாதங்கள் வெறும் தகரத்தில் தட்டையாக உட்கார வேண்டும். அடியில் கார்பெட் துண்டோ தார்ப்பட்டையோ மாட்டியிருந்தால் சீவி எடுங்கள். மெத்தென்று இருக்கும் எதுவும் நாளாக ஆக அமுங்கும், அப்போது போல்ட் தளர்ந்துவிடும். ஒரு பாதம் அந்தரத்தில் நின்றால் போல்ட்டை முறுக்கி இழுத்துச் சரிசெய்ய நினைக்காதீர்கள். தகரம்தான் வளையும். பார் சரியாக அமரவில்லை, அல்லது வண்டி முன்பு எப்போதோ அடிபட்டிருக்கிறது.

4. துளை போடும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். சீட்டை உள்ளே வைத்துத் தள்ளிப் பாருங்கள், கூரையை மூடுங்கள், ஹார்டுடாப் (கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை) இருந்தால் அதையும். சீட் பெல்ட் எங்கும் உரசாமல் வருகிறதா? கதவின் பூட்டுக் கொண்டியிலிருந்து பாரின் ஓரம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து நடுவில் நிறுத்துங்கள்.

5. இப்போது மார்க்கரால் துளைகளைக் குறியுங்கள். பாரை வெளியே எடுத்துவிட்டு, டிரில்லைத் தொடும் முன் அடியில் போய்ப் பாருங்கள். இந்தக் காரில் பெட்ரோல் டாங்க் சீட்டுகளுக்குப் பின்னால் உள்ள தகர மேடைக்கு நேர் கீழே இருக்கிறது. பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாம் அந்த வட்டாரத்தில்தான் ஓடுகின்றன. பின்சக்கரங்களையும் மட்கார்டு உறையையும் கழற்றினால் நன்றாகத் தெரியும். பெட்ரோல் வாடை அடித்தால் வேலையை நிறுத்துங்கள். கிரைண்டர், வெல்டிங் இரண்டும் இந்த இடத்தில் வேண்டவே வேண்டாம். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

6. சென்டர் பஞ்சால் ஒரு குழி, பிறகு 3 மி.மீ. பிட்டால் முதல் துளை. டிரில் தகரத்தைத் துளைத்ததும் நம் கை எடையில் சட்டென்று உள்ளே பாயும், ஆபத்தே அந்த ஒரு நொடிதான். பிட்டின் மேல் ஒரு ரப்பர் ஹோஸ் துண்டைச் செருகி, நுனி மட்டும் ஒரு செ.மீ. வெளியே தெரியும்படி விடுங்கள். பாய்ந்தாலும் ஹோஸ் தடுத்துவிடும். முதல் துளை போட்டதும் கீழே போய், நுனி எங்கே வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. பிறகு படிப்படியாகப் பெரிதாக்குங்கள்.

7. துளை விளிம்பின் பிசிறை அரத்தால் நீக்கி, பிரைமர் பூசிக் காயவிடுங்கள். இரும்புத்தூளை அன்றைக்கே வேக்யூமால் உறிஞ்சி எடுங்கள். நான் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். இரவு மழை. ஒரு மாதத்தில் அந்த மேடை முழுக்க மஞ்சள்தூள் தெளித்தது போலத் துருப்புள்ளிகள்.

8. பார், போல்ட், அடித்தகடு, லாக் நட். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். அமெரிக்க இன்ச் போல்ட்டாக இருந்தால் உயர்தரத்துக்கு ஆறு கோடுகள் இருக்கும். ஒன்றும் எழுதாத போல்ட்டைத் தொடாதீர்கள். பளபளப்புக்காக சாதாரண ஸ்டெயின்லெஸ் போட வேண்டாம், அது 8.8ஐவிட இளகியது. எல்லாவற்றையும் விரலால் முடுக்கிய பிறகு, குறுக்குவாட்டில் மாறி மாறி இறுக்குங்கள். பாரோடு வந்த தாளில் உள்ள டார்க் அளவுதான் கணக்கு. அது இல்லையென்றால் எம்10, 8.8 போல்ட்டுக்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை வழக்கம். கடைசியாக, அடியில் தகடுகளைச் சுற்றி சீலன்ட்.

உறையும் பெல்ட்டும்

தலை படக்கூடிய குழாய் எல்லாவற்றுக்கும் உறை போட வேண்டும், மூலைவிட்டத்துக்கும் சேர்த்து. கடையில் விற்கும் தண்ணீர்க் குழாய் ஃபோம் இதற்கு ஆகாது, விரலால் அழுத்தினாலே இரும்பு தட்டுப்படும். எஸ்எஃப்ஐ (பந்தயப் பாதுகாப்புக் கருவிகளுக்கான அமெரிக்கத் தர அமைப்பு) 45.1 அல்லது எஃப்ஐஏ 8857-2001 முத்திரை உள்ளதை வாங்குங்கள். தொட்டால் கட்டை மாதிரிக் கெட்டியாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். அது ஹெல்மெட் போட்ட தலைக்காகச் செய்தது. வெறுந்தலையோடு ஓட்டும் நாளில் இடைவெளிதான் காப்பாற்றும், உறை அதற்குப் பிறகுதான்.

பார் வந்ததும் நான்கு முனை, ஆறு முனை ஹார்னஸ் (பந்தயக் காரின் பெல்ட்) மேல் ஆசை வரும். ஹார்னஸ் உடம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும், சாதாரண பெல்ட் போலச் சாய விடாது. அதனால் ரோல் பார் இல்லாத காரில் ஹார்னஸ் போடவே கூடாது. பார் இருந்தாலும் அதற்கேற்ற துளையுள்ள சீட்டும், தோள்பட்டை உயரத்தில் குறுக்குக் குழாயும் வேண்டும். தோள்பட்டி சீட்டிலிருந்து பின்னால் கிட்டத்தட்ட கிடைமட்டமாகப் போக வேண்டும், பத்து டிகிரிக்கு மேல் இறங்காமல் இருந்தால் நல்லது. தரையில் கொண்டுபோய்க் கட்டினால் மோதலில் அது முதுகெலும்பைக் கீழ்நோக்கி அமுக்கும். சாலையில் போக வண்டியோடு வந்த மூன்று முனை பெல்ட்டே போதும், அதைக் கழற்றாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் க்ளெய்ம் நேரத்தில் அதையே காரணம் காட்டுவார்கள்.

ஒவ்வொரு நட்டின் மேலும் தகட்டோடு சேர்த்து வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகும், முதல் டிராக் டே முடிந்த மறுநாளும் டார்ச்சோடு அடியில் போய்ப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் அந்த நட்டு அசைந்திருக்கிறது. இறுக்கிவிட்டுப் பழைய கோட்டைச் சுரண்டி, புதிதாக ஒன்று போடுங்கள். அடுத்த தடவையும் அதே நட்டு அசைந்திருந்தால் பாதத்துக்கு அடியில் ஏதோ மெத்தென்று மாட்டியிருக்கிறது. கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். எனக்கு வலப்பக்கப் பின்பாதத்தில் ஒரு விரலகலக் கார்பெட் கிடைத்தது.